வேலையில்லாமையும் களவும்: குமரி மாவட்டத்துக்கு எந்தக் கணக்கு பொருந்தும்?

1. வேளிமலை

நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த மாசம் பட்டிமன்றம். தலைப்பு, "குற்றங்கள் பெருகக் காரணம் வேலையில்லாத் திண்டாட்டமே". இரண்டு அணிக்கும் குறிப்பு தயாரிக்கணும். மேடையில் வழக்கமாக ஒருத்தர் "பசி வந்திடப் பத்தும் பறந்துபோம்" என்பார், எதிரணி "பணக்காரன் களவாடலியா" என்று கேட்கும், நடுவர் இரண்டு பேரையும் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார். இந்தத் தடவை எண்களோடு பேசணும் என்று ஆசை.

2011 கணக்கெடுப்பில் நம்ம மாவட்டம் 18,70,374 பேர், எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம். படிச்சவன் நிறைய, கம்பெனி குறைவு. அப்படியானால் களவும் அடிதடியும் கூடணுமே? கூடுதா, இல்லையா? எந்த அட்டவணையை எதோடு ஒப்பிடணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

2. கணக்குப்பிள்ளை

ஒப்பிடும் முன்னால் இரண்டு எண்ணையும் பிரிச்சுப் பாக்கணும் அண்ணாச்சி. இரண்டுமே பேர் சொல்கிற மாதிரி கிடையாது.

வேலையின்மை எண் பி.எல்.எஃப்.எஸ் என்கிற மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பிலிருந்து வருது. 2017-18இல் அகில இந்திய அளவு 6.1 சதவீதம், 2023-24இல் 3.2. பதினைந்திலிருந்து இருபத்தொன்பது வயது வரை மட்டும் பாத்தால் 17.8இலிருந்து 10.2. இதில் யார் வேலையில்லாதவர்? வேலை இல்லாமல், வேலை தேடிக்கொண்டும் இருக்கிறவர் மட்டும். தேடுறதை விட்டவர் கணக்கிலேயே வரமாட்டார். நூறு இளைஞர்களில் 60 பேர் வேலைச் சந்தையில், அதில் 6 பேருக்கு வேலை இல்லை என்று வைங்க. வேலையின்மை 10 சதவீதம். அந்த ஆறு பேரில் மூணு பேர் சலிச்சுப்போய் தேடுறதை நிறுத்தினால் 57க்கு 3, அதாவது 5.3. ஒருத்தனுக்கும் வேலை கிடைக்கல, எண் பாதியாகிடுச்சு.

அடுத்தது, வழக்கமான நிலைக் கணக்கில் வருஷத்தில் 30 நாள் துணைவேலை செஞ்சிருந்தாலே வேலையுள்ளவர். வாராந்திர நிலையில் ஏழு நாளில் ஒரே ஒரு மணி நேரம் போதும். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், மூணு நாள் பருப்பு உடைச்ச அக்காவும், மழைக்கு இடையில் ஒரு நாள் ரப்பர் பால் வெட்டினவரும் அந்த அட்டவணையில் "வேலையில் இருப்பவர்".

குற்ற எண் என்.சி.ஆர்.பி.யிலிருந்து, அதாவது தேசிய குற்றப் பதிவு அலுவலகத்திலிருந்து வருது. ஒரே முதல் தகவல் அறிக்கையில் நாலு குற்றம் இருந்தாலும் தண்டனை பெரிசான ஒன்றுதான் எண்ணப்படும். கொலையோடு நகையும் போனால் கொலை ஒன்று, களவு பூஜ்யம். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர் ரசீதோடு (புகார் வாங்கினதற்கான சீட்டு, வழக்குப் பதிவு இல்லை) நின்றுபோன புகார் அந்த அட்டவணைக்குப் போகவே போகாது. புகாரை ஒழுங்காகப் பதிவு செய்கிற மாநிலம் "குற்றம் மிகுந்த மாநிலம்" ஆகிறது. கேரளா பட்டியலில் மேலே வர இது ஒரு காரணம்.

இன்னொரு ஓட்டை. கைதானவர்களின் வயசு, ஆண் பெண் எல்லாம் அட்டவணையில் உண்டு, கைதாகும்போது வேலை இருந்ததா என்கிற பத்தி கிடையாது. அதே என்.சி.ஆர்.பி. தற்கொலை அறிக்கையில் மட்டும் தொழில்வாரிப் பத்தி போடுது.

3. சுங்கான்கடை

எதுக்கு இத்தனை சுத்து? எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் பதிவு எண் மாவட்ட வாரியா இருக்கே. அதை எடுத்தால் போதாதா?

4. கணக்குப்பிள்ளை

அது வேலையில்லாதவர் எண் இல்லை மக்கா. பத்தாம் வகுப்பு முடிச்சதுமே பள்ளிக்கூடத்தில் பதிஞ்சு விடுறாங்க. மேல்படிப்பு படிக்கிறவன், தனியார் வேலையில் இருக்கிறவன், துபாயில் இருக்கிறவன் எல்லாரும் சீனியாரிட்டி போகக்கூடாது என்று மூணு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிச்சுக்கொண்டே இருப்பாங்க. வேலையில்லா இளைஞர் உதவித்தொகை வாங்குகிற பட்டியல் அதைவிடச் சுருங்கினது. பதிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000க்குள் இருக்கணும், அதற்குப் பிறகு பட்டதாரிக்கு மாசம் 600 ரூபாய், மூணு வருஷம் மட்டும். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்காணலுக்குப் போய்வர அந்த 600 தாங்காது.

5. புத்தன்அணை

உலக அளவில் ஆராய்ச்சி என்ன சொல்லுது என்று சுருக்கமாகப் போடுறேன், இரண்டு அணிக்கும் தீனி உண்டு.

1968இல் கேரி பெக்கர் என்கிற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதைப் பொருளாதாரக் கணக்காக்கினார். குற்றத்தில் கிடைக்கிற லாபம் ஒரு தட்டில், பிடிபடும் வாய்ப்பும் தண்டனையும் நேர்மையான வேலையில் வரும் கூலியும் மறு தட்டில். கூலி குறைஞ்சால் தராசு சாயும். 1985இல் கேன்டர், லாண்ட் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு குறுக்குக் கேள்வி போட்டாங்க. வேலை போனவன் வீட்டில் இருக்கிறான். வீட்டில் ஆள் இருந்தால் களவாடுவது கஷ்டம். கையில் காசும் புதுப்பொருளும் குறைவு, திருட அதிகமில்லை. ஆக வேலையின்மை ஏறினதும் களவுக்கான வாய்ப்பு உடனே குறையும். களவாடும் உந்துதல் சேமிப்பு கரைஞ்சபிறகு மெதுவாகத்தான் ஏறும். ஒன்று இறங்க, ஒன்று ஏற, கூட்டுத்தொகையில் இரண்டும் அடிபட்டுப் போகும்.

ராஃபேலும் வின்டர்-எப்மரும் 2001இல் அமெரிக்க மாநிலங்களை வைத்துப் பார்த்தபோது வேலையின்மை ஒரு சதவீதப் புள்ளி இறங்கினால் சொத்துக் குற்றமும் சில சதவீதம் இறங்குது என்று கண்டாங்க. கொலை, அடிதடியில் அப்படி உறுதியான தொடர்பு இல்லை. அடுத்த வருஷமே கூல்ட், வைன்பெர்க், மஸ்டர்ட் மூணு பேரும், அதிகம் படிக்காத இளைஞர்களின் கூலிவிகிதம்தான் வேலையின்மை எண்ணைவிடக் கூடுதலாகப் பேசுது என்று காட்டினாங்க.

எதிரணிக்கு இரண்டு எடுத்துக்காட்டு. 2009 அக்டோபரில் அமெரிக்காவில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. அந்த வருஷம் சொத்துக் குற்றமும் வன்குற்றமும் இறங்கின. இங்கே 2020 ஏப்ரல்–ஜூனில் நகர்ப்புற வேலையின்மை ஏறத்தாழ 21 சதவீதம். அந்த வருஷம் திருட்டு வழக்கு குறைஞ்சது, காரணம் எல்லாரும் வீட்டில். மொத்தக் குற்ற எண்ணிக்கையோ எகிறிச்சு. ஊரடங்கை மீறியதற்கான 188ஆம் பிரிவு வழக்கு மட்டும் 29,469இலிருந்து 6,12,179 ஆனது. முகக்கவசம் போடாமல் டீ குடிக்க வந்தவனும் "குற்றவாளி" பத்தியில் ஏறிட்டான்.

6. முட்டம்_பாறை

கேன்டர், லாண்ட் சொன்னதைச் சோதிச்சுப் பார்க்க நம்ம மாவட்டம் மாதிரி வேற இடம் கிடைக்காது. மீன்பிடித் தடைக்காலம் இங்கே இரண்டு. கிழக்குக் கரைக்கு, அதாவது சின்னமுட்டம் பக்கம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் எல்லாம் மேற்குக் கரை, ஜூன் 1 முதல் ஜூலை 31. இரண்டும் 61 நாள். ஒரே மாவட்டம், ஒரே எஸ்.பி., ஒரே பஸ் டிக்கெட் விலை. ஆனால் மே மாசம் கிழக்கே விசைப்படகுத் தொழிலாளிக்கு வேலை இல்லை, மேற்கே உண்டு. ஜூலையில் நேர்மாறு. நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்தால் தினம் 131 ரூபாய்.

ஒரு விஷயம் கவனிக்கணும். தடை விசைப்படகுக்குத்தான். வள்ளமும் கட்டுமரமும் ஓடும். அதனால் விசைப்படகுக் கூலியாள் கொஞ்சம் பேர் வள்ளத்துக்கு மாறுவான், முழு வேலையிழப்பு ஆகாது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் பலர் கொச்சியைத் தளமாக வைத்து ஆழ்கடலுக்குப் போறவங்க. அவங்களுக்குக் கேரளக் கணக்கு, 52 நாள். ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31. ஆண்கள் எல்லாரும் ஊர் திரும்புற காலம் அது. கல்யாணமும் அப்போது, கோயில் கமிட்டிக் கணக்கும் அப்போது, பழைய சண்டையைப் பேசி முடிக்கிறதும் அப்போது. பூட்டிக்கிடந்த வீடெல்லாம் திறந்திருக்கும், அதனால் வீடு புகுந்து களவுக்கு இடம் குறைவு. கைகலப்புக்கு இடம் கூடுதல்.

7. வேளிமலை

இது நல்லா இருக்கே. இதை எண்ணாக எடுக்கிறது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்க.

8. கணக்குப்பிள்ளை

தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், காவல்நிலையம், ஆண்டு கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையைப் பார்க்கலாம். பாலியல் குற்றம், சிறார் சம்பந்தப்பட்டது மாதிரி உணர்வுபூர்வமானவை இருக்காது, நமக்கு அது தேவையும் இல்லை. கடற்கரை நிலையங்களை இரண்டு கூட்டமாகப் பிரிங்க. ஒரு கூட்டம் கன்னியாகுமரிப் பக்கம், இன்னொன்று குளச்சலிலிருந்து எல்லை வரை. ஒவ்வொரு அறிக்கைக்கும் ஒரு வரி. சம்பவ தேதி, பிரிவு, இடம், போன பொருள். பதிவு தேதியை எடுக்காதீங்க. பூட்டின வீட்டுக் களவு மாசம் கழிச்சுத்தான் தெரியவரும்.

பிரிவு எண்ணில் தவறு நடக்கும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பழைய 379 திருட்டு இப்போது 303(2). வீட்டுக்குள் திருட்டு 380, இப்போது 305. கொள்ளை 392, இப்போது 309. செயின் பறிப்புக்கு முன்னே தனிப் பிரிவே கிடையாது, 379 அல்லது 392இல் போட்டாங்க. இப்போது 304 என்று தனியாக உண்டு. அதனால் 2024ஐ நடுவில் வைத்து "303 வழக்கு குறைஞ்சது" என்று சொன்னால் பொய்யாகும், ஒரு பங்கு 304க்கு நகர்ந்திருக்கும். சொத்துக் குற்றம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு எண்ணுங்க.

குறைஞ்சது மூணு வருஷம் எடுங்க. 2020ஐயும் 2021ஐயும் விட்டுடுங்க.

9. ரப்பர்க்காடு

கடற்கரை மட்டும் பேசினால் எப்படி? குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கம் பால் வெட்டுத் தொழிலாளிக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலமும் இடி. தென்மேற்கிலும் வடகிழக்கிலும் மழை நமக்கு வருது. பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து ஓய்வு. ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டுகிற மரத்தில் காலை மழை பெய்தால் அந்த முறையே போச்சு. ஈர மரப்பட்டையில் வெட்டினால் பால் கோட்டை விட்டு வழிஞ்சு சிரட்டைக்கு வராது, பட்டை அழுகும். பாலித்தீன் பாவாடை கட்டி, தார்ப்பசை போட்டு ஒட்டின தோட்டத்தில் மழையிலும் வெட்டலாம். கட்டுறதுக்குச் செலவு உண்டு, விலை சரிஞ்ச வருஷம் முதலாளி கட்ட மாட்டார். கட்டாவிட்டால் வெட்டுக்காரருக்குக் கூலி நாள் குறையும். வேலையின்மை அட்டவணையில் இது ஒரு துளிகூடத் தெரியாது.

இனி களவு. ரப்பர் ஷீட் களவும், ஒட்டுப்பால் (வெட்டிலும் சிரட்டையிலும் உறைஞ்சு ஒட்டின பால்) களவும் வேலை நாளைவிட விலையைப் பார்த்து நடக்கும். ஆர்.எஸ்.எஸ்.4 என்கிற தர ஷீட் 2016 பிப்ரவரியில் கிலோ 100 ரூபாய்க்குக் கீழே கிடந்தது. அந்த விலையில் இரவில் புகைப்புரைப் (ஷீட்டைப் புகையில் உலர்த்துகிற கொட்டகை) பூட்டை உடைச்சுச் சுமப்பவனுக்குக் கட்டாது. 2024 ஆகஸ்டில் 240ஐத் தாண்டினது. இருபது கிலோ ஒரு சாக்கு, கிட்டத்தட்ட 5,000 ரூபாய். ஷீட்டில் ரோலர் தடம் தவிர வேறு அடையாளம் கிடையாது. ஒட்டுப்பாலில் அதுவும் இல்லை, எந்தத் தோட்டத்து மரத்திலிருந்து உரிச்சதென்று கடவுளுக்கே தெரியாது. விலை ஏறுகிற மாசம் வெட்டுக்காரருக்கும் வேலை கூடுதல் என்பதைக் கவனிங்க. வேலை கூடுது, களவும் கூடுது. பட்டிமன்றத் தலைப்புக்கு நேரெதிர்.

தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. களவு நடக்கிறது ஷீட் காயும் இரவில்தான். முற்றத்துக் கம்பியில் ஈர ஷீட்டை இரவு விட்டுவிட்டு, புகைப்புரைக்கு மட்டும் பெரிய பூட்டு போட்டு என்ன பயன்? ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டி மாசக்கணக்கில் கொட்டகையில் சேர்க்காதீங்க, வாராவாரம் போட்டுடுங்க.

10. சுங்கான்கடை

எல்லைப் பக்கம் அரிசி கடத்துறவன் எல்லாம் வேலை இல்லாதவன்தானே? அதையாவது ஒத்துக்கோங்க.

11. ரப்பர்க்காடு

இங்கே ரேஷனில் இலவசமாகக் கிடைக்கிற அரிசிக்கு களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் விலை உண்டு. அந்த விலை வித்தியாசம் இருக்கிற வரை நாளைக்கே எல்லாருக்கும் வேலை கொடுத்தாலும் கடத்தல் ஓடும். வேலை இல்லாத பையன் வருவது கடைசிக் கண்ணியில், ஸ்கூட்டரில் இரண்டு மூட்டை வைத்துக் குறுக்கு ரோட்டில் தாண்டுறவனாக. பிடிபடுறதும் அவன்தான். அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தில் வண்டியும் பறிமுதல். அந்தப் பறிமுதலுக்கான 6ஏ பிரிவு நடவடிக்கை வருவாய் அதிகாரி முன் நடக்கும், குற்ற வழக்கு கோர்ட்டில் தனியாக ஓடும். வண்டி ஸ்டேஷன் வளாகத்தில் மழையில் கிடக்க, தவணை மட்டும் மாசாமாசம் போகும். கிடங்கு வைத்திருப்பவர் பெயர் அறிக்கையில் வருவது அபூர்வம்.

அப்புறம், "வேலை இல்லை" என்கிற சொல்லையே இங்கே கொஞ்சம் உரசிப் பாக்கணும். செங்கல் சூளை, கட்டிட வேலை, ஹோட்டல் எல்லாவற்றிலும் பீகார், ஒடிசா, அசாம் ஆட்கள் நிக்கிறாங்க. படிச்ச படிப்புக்கும் போட்ட செலவுக்கும் ஏற்ற வேலை இல்லை என்பதுதான் இங்கத்த கதை. பி.இ. முடிச்சவன் களவாடப் போறதில்லை, காத்திருக்கிறான்.

12. தேன்கூடு

காத்திருக்கிறான் என்கிற இடத்தில்தான் அடுத்த குற்றம் தொடங்குது, அங்கே அவன் குற்றவாளி இல்லை, இரை. பட்டிமன்றத்தில் இரண்டு அணியும் மறக்கப்போவது இதைத்தான்.

பத்தாம் வகுப்பு தேறினவனுக்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். தேறாதவன் வளைகுடா, மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக ஈமைக்ரேட் என்கிற மத்திய அரசு இணையதளம் வழியாக அனுமதி வாங்கணும். அங்கே ஒப்பந்தம், சம்பளம், முதலாளி பெயர் எல்லாம் ஒருமுறை அதிகாரி கண்ணில் படும். 91.75 சதவீத எழுத்தறிவுள்ள மாவட்டத்தில் வெளிநாடு போகிற பையன் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேறினவன். அதாவது அந்தச் சல்லடைக்கு வெளியே நிற்கிறவன். படிப்பு கொடுத்த வசதி அவனைப் பாதுகாப்பு வலையிலிருந்து கழற்றிவிட்டது. கம்போடியா, லாவோஸ், மியான்மர் மூணும் அந்த 18இல் கிடையாது, அங்கே போக யாருக்குமே அனுமதிச் சோதனை இல்லை.

மோசடி ஓடுகிற வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். வாட்ஸ்ஆப்பில் விளம்பரம், கம்பெனி முத்திரை, "இன்டர்வியூ இல்லை, நேரடி விசா". லாட்ஜ் ஹாலில் ஒருநாள் ஆள்தேர்வு. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது. மெடிக்கலுக்கு ஒரு தொகை. இரண்டு வாரத்தில் "விசா காப்பி" என்று போனில் ஒரு படம், பாதித்தொகை. டிக்கெட் தேதி இரண்டு தடவை தள்ளிப்போகும், பிறகு நம்பர் அணைஞ்சிருக்கும்.

காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது. ஏஜென்டின் பதிவு எண்ணை வாங்கி ஈமைக்ரேட் தளத்தில் போடுங்க. பெயர் இருந்தால் போதாது, செயலில் இருக்கிறதா, நிறுத்திவைக்கப்பட்டதா, ரத்தா என்று அருகிலேயே காட்டும். "அந்தக் கம்பெனியின் மார்த்தாண்டம் ஆள் நான்" என்று சொல்கிற சப்-ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 1983 குடியேற்றச் சட்டம் 10ஆம் பிரிவு, பதிவில்லாமல் ஆள் எடுக்கக்கூடாது. சேவைக்கட்டண உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரசீது கட்டாயம். மூணு லட்சம், நாலு லட்சம் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வரலாம். விசா நகலில் வகையைப் படிங்க. விசிட் என்றோ டூரிஸ்ட் என்றோ இருந்தால் அது வேலை விசா கிடையாது. "அங்கே போய் மாத்திக்கலாம்" என்கிற வாக்கியத்துக்கு விலை கிடையாது. பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து, பாஸ்போர்ட் சட்டம் 17ஆம் பிரிவு சொல்லுது, ஏஜென்ட் மேசை இழுப்பறையில் இருக்க வேண்டியதில்லை.

"டேட்டா என்ட்ரி, பாங்காக், மாசம் எண்பதாயிரம்" என்று வந்தால் தனி எச்சரிக்கை. பாங்காக்கில் இறக்கி, மே சோட் வழியாக ஆற்றைத் தாண்டி மியான்மர் மியாவடியில் கொண்டுபோய் அடைச்சு, ஆன்லைன் மோசடி செய்யவைக்கிற கும்பல்களைப் பற்றி வெளியுறவுத் துறை 2022இலேயே எச்சரிச்சிருக்கு. அங்கே வேலையில்லாதவனைக் குற்றவாளியாக்குறது அடியும் பட்டினியும்.

ஏமாந்தால் புகாரில் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்) 318(4), அதாவது மோசடிப் பிரிவு, மட்டும் போடவிடாதீங்க. குடியேற்றச் சட்டம் 24ஐயும் சேர்க்கச் சொல்லுங்க. அதற்கு மத்திய அரசு முன்அனுமதி வேணும் என்று ஸ்டேஷனில் சொல்வாங்க. பாதிக்கப்பட்டவரோ அவருடைய அப்பா, அம்மா, மனைவி, கணவர், உடன்பிறந்தவரோ புகார் கொடுத்தால் அனுமதி வேண்டாம் என்று 27ஆம் பிரிவிலேயே விலக்கு உண்டு.

13. புத்தன்அணை

இதோடு வங்கிக்கணக்கு வாடகையையும் சேர்க்கணும் தேன்கூடு அக்கா. கல்லூரி முடிச்சுச் சும்மா இருக்கிற பையனிடம் "அக்கவுண்ட், ஏ.டி.எம். கார்டு, சிம் மூணும் கொடு, சில ஆயிரம் தர்றேன்" என்பாங்க. தான் யாரையும் ஏமாத்தலையே என்று அவன் நினைப்பான். எங்கேயோ ஒருத்தர் 1930 என்கிற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் கொடுத்ததும் பணம் போன பாதை முழுக்க ஒவ்வொரு கணக்கும் முடங்கும். முதல் கணக்கு, அதிலிருந்து பிரிஞ்ச பத்து கணக்கு, அதிலிருந்து இன்னும் முப்பது. கணக்கு இவன் பேரில், ஆதார் இவனுது, கே.ஒய்.சி. புகைப்படத்தில் சிரிக்கிற முகமும் இவனுது. வெளிமாநில ஸ்டேஷனிலிருந்து 35(3) நோட்டீஸ், அதாவது விசாரணைக்கு ஆஜராகச் சொல்கிற நோட்டீஸ், வரும். வழக்கு எந்த மாநிலமோ அந்த மாநில கோர்ட்டுக்குத்தான் அலையணும்.

கொடுத்தாச்சு என்றால்: மீதிப் பணத்தில் கை வைக்காதீங்க, எடுத்தால் பங்கு வாங்கினவன் ஆகிடுவீங்க. கிளைக்கு நேரில் போய் கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்க எழுத்தில் கடிதம், நகலில் முத்திரையும் தேதியும். சிம்மைத் தடை செய்யுங்க. யாரிடம் கொடுத்தீங்களோ அவன் நம்பர், உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்து உள்ளூர் சைபர் கிரைமில் நீங்களே முதலில் புகார் கொடுங்க. நோட்டீஸ் வந்தபிறகு கொடுக்கிற புகாருக்கு மதிப்பு வேற.

14. பூதப்பாண்டி99

வாசித்துக்கொண்டு வந்ததில் ஒரு சந்தேகம். கோயில் திருவிழாத் தகராறில் ஒருத்தர் மேல் 294(பி), 323, 506(2) போட்டிருக்கு. சார்ஜ் ஷீட் வந்ததா என்றுகூடத் தெரியாது. வளைகுடா வேலைக்கு பாஸ்போர்ட் புதுப்பிக்கணும். முடியுமா?

15. வாய்தா

இந்த இழையில் இதுவரை அம்பு ஒரே பக்கம் போச்சு, வேலையின்மையிலிருந்து குற்றத்துக்கு. கோர்ட் வராண்டாவில் நிற்கிறவங்களைப் பாத்தால் அம்பு திரும்பியும் வரும். சின்ன வழக்கு ஒன்று விழுந்தபிறகு வேலை போகிறது. பூதப்பாண்டி தம்பிக்குப் பதில் சொல்லிக்கொண்டே அதையும் சொல்றேன்.

294(பி), 323, 506(2) என்கிற மூணும் தமிழ்நாட்டு ஸ்டேஷன்களின் தேசிய கீதம். இப்போது 296(பி), 115(2), 351(3). கெட்ட வார்த்தை, அடி, கொலை மிரட்டல். முதல் இரண்டுக்கு மூணு மாசம், ஒரு வருஷம்தான் உச்சத் தண்டனை. அந்த மாதிரி வழக்கில் குறிப்பிட்ட காலத்துக்குள் கோர்ட் எடுத்துக்கொள்ளாவிட்டால் காலாவதி. மூணாவதுக்கு ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு, காலாவதி கிடையாது. சேர்த்து விசாரிக்கும்போது பெரிய தண்டனையை வைத்துத்தான் காலக்கெடு பார்ப்பாங்க. 506(2)ஐ ஏன் எல்லா அறிக்கையிலும் கண்ணைமூடிச் சேர்க்கிறாங்க என்று இப்போது புரியும்.

பாஸ்போர்ட்டுக்கு வருவோம். பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) "குற்றவியல் கோர்ட்டில் நடவடிக்கை நிலுவையில்" என்றுதான் சொல்லுது. முதல் தகவல் அறிக்கை மட்டும் இருக்கிற நிலை அது இல்லை என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கு. முதலில் எந்தக் கோர்ட் எல்லை என்று பாருங்க. நாகர்கோவிலா, பத்மநாபபுரமா, இரணியலா, குழித்துறையா, பூதப்பாண்டியா. அங்கே சி.சி. எண் (கோர்ட் வழக்கை எடுத்துக்கொண்டதும் போடுகிற எண்) விழுந்திருக்கா என்று இ-கோர்ட் தளத்தில் எஃப்.ஐ.ஆர். எண் போட்டுத் தேடலாம். விழல என்றால் அந்த நிலையை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்க. விழுந்திருந்தால் அதே மாஜிஸ்திரேட்டிடம் வெளிநாடு போக அனுமதி கேட்டு மனு. வேலை உத்தரவு, எஃப்.ஐ.ஆர். நகல், வாய்தாவுக்கு வக்கீல் வழியாக ஆஜராவேன் என்கிற உறுதி மூணும் இணைக்கணும். 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட ஜி.எஸ்.ஆர். 570(இ) என்கிற மத்திய அரசு அறிவிக்கைப்படி அந்த உத்தரவோடு பாஸ்போர்ட் தருவாங்க. இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. உத்தரவில் எத்தனை வருஷம் என்று கோர்ட் குறிப்பிடாவிட்டால் ஒரே வருஷத்துக்குத்தான் கிடைக்கும். இரண்டு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு வருஷ பாஸ்போர்ட்டைக் கையில் வைத்து என்ன செய்ய? மனுவிலேயே பத்து வருஷம் என்று கேட்டு வாங்குங்க.

அப்புறம் பெட்டி கேஸ், அதாவது ஃபைனோடு முடிகிற சின்ன வழக்கு. "ஃபைனைக் கட்டிட்டுப் போ மக்கா" என்று சொல்வாங்க. கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் அது தண்டனைதான், தொகை நூறு ரூபாயாக இருந்தாலும். போலீஸ் நன்னடத்தைச் சான்று வாங்கும்போது மேலே வந்து நிற்கும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டில் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவை என்று புதுச்சட்டம் 303(2)இல் சேர்த்திருக்கு. ஜெயில் இல்லை, சரி. ஆனால் அதுவும் தண்டனைத் தீர்ப்பே. அந்த இடத்தில் 1958 நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் விடுதலை கேட்பது புத்திசாலித்தனம். அதன் 12ஆம் பிரிவு தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குது. இளம் வக்கீல்களே பலர் கேட்க மறந்துவிடுற பிரிவு இது.

பதினெட்டு வயசுக்குக் கீழே நடந்த வழக்கு என்றால் 2015 சிறார் நீதிச் சட்டம் 24ஆம் பிரிவு. கொடுங்குற்றம் அல்லாதவரை தகுதியிழப்பு கிடையாது.

அரசு வேலைப் படிவத்தில் "வழக்கு உண்டா" என்று கேட்டால் இல்லை என்று மட்டும் எழுதாதீங்க. 2016 அவதார் சிங் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது, மறைத்ததே தனிக் காரணமாகிவிடும். சின்ன வழக்கை ஒத்துக்கொண்டவரை அதிகாரி மன்னிக்க இடம் உண்டு. காவலர் வேலை மட்டும் தனிக் கணக்கு. சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் போதாது என்பது அந்தத் தேர்வு விதி. அதனால் தேர்வு எழுதுறவர் மேல் இப்படி வழக்கு கிடந்தால், எதிர்த்தரப்போடு சமரசமான உடனே உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 528இன் கீழ் ரத்து மனு போடணும். விடுதலைத் தீர்ப்புக்குக் காத்திருக்கக்கூடாது.

16. சுங்கான்கடை

அப்போ ஒரு பொய்க் கேசு போதும், ஒருத்தன் பொழப்பு போச்சு.

17. வாய்தா

உண்மைக் கேசும் போதும் அண்ணே. மூணு வருஷம் வாய்தாவுக்கு நடக்கணும், மாசம் ஒரு நாள் கூலி போகும், எந்த மேஸ்திரியும் ஒவ்வொரு மாசமும் லீவு கேட்கிற ஆளை வைத்துக்கொள்ள மாட்டார். ஆள் வரலை என்றால் பிடிவாரண்ட். அது வந்தபிறகு வேலைக்குப் போகிற இடத்தில் நின்று பிடிப்பாங்க.

18. வேளிமலை

எல்லாருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி கடற்கரை ஸ்டேஷன் அட்டவணை போட ஆரம்பிக்கப் போறோம். கிழக்குக் கூட்டத்தில் கன்னியாகுமரி ஸ்டேஷனைச் சேர்க்கிறோம், சரிதானே?

19. கணக்குப்பிள்ளை

அங்கேதான் சிக்கும். ஏப்ரல், மே பள்ளி விடுமுறை, சுற்றுலாக் கூட்டம் குமியும். பர்ஸ் போனது, போன் போனது எல்லாம் அந்த ஸ்டேஷனில் ஏறும். எடுத்தவன் சின்னமுட்டத்துக்காரன் என்று யார் சொன்னது? சபரிமலை சீசனில் நவம்பர் முதல் ஜனவரி வரையும் அப்படித்தான். தடைக்காலத்தையும் டூரிஸ்ட் சீசனையும் ஒரே மாசத்தில் கலந்தால் பழி மீனவன் தலையில் விழும். சம்பவ இடப் பத்தியைப் பாத்து, முக்கடல் பக்கம், பஸ் ஸ்டாண்டு, லாட்ஜ் என்று வருவதைத் தனியாக ஒதுக்குங்க. வீடு, தெரு, படகு, வலைக்கூடம் மட்டும் எண்ணுங்க.

மேற்கிலும் ஒன்று உண்டு. ஜூன், ஜூலை மழை. மழையில் களவு இயல்பாகவே வேறு மாதிரி நடக்கும். அதனால் கடலோரத்தை கடலோரத்தோடு மட்டும் ஒப்பிடாமல், அதே மாசம் தக்கலை, அருமனை மாதிரி கடல் இல்லாத இரண்டு ஸ்டேஷனையும் பக்கத்தில் போட்டுப் பாருங்க. அங்கேயும் அதே அளவு ஏறியிருந்தால் அது மழை.

20. முட்டம்_பாறை

வலைக்கூடம் என்று தனிப் பத்தி போடுங்க. தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில், இன்ஜின் கழற்றிப் பழுது பாக்கிற நேரம். பித்தளைப் புரொப்பல்லர், பேட்டரி, ஜி.பி.எஸ். கருவி போவது அப்போதுதான். அது போலீசுக்குப் போகாமல் ஊர்க் கமிட்டியிலேயே முடிஞ்சுடும், உங்கள் அட்டவணையில் பூஜ்யமாக வரும். அந்தப் பூஜ்யத்தைப் பாத்து களவு இல்லை என்று எழுதிடாதீங்க.